ஏழு மணிக்கு வந்த படம்

அத்தியாயம் ஆறு

ராஜலிங்கம் முதலாளி பொய் சொல்லப் போகிறார் என்பது அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஜெயிலில் கிடக்கும் டிரைவரைப் பற்றி விசாரிக்க வந்தவர்களுக்கு, மடியில் கனமில்லாத எந்த மனிதனும் கேக் வெட்டி வைத்துக் காத்திருக்க மாட்டான்.

திருச்செல்வம் சாருக்கு அது தெரியவில்லை. அவருக்குக் கேக் தெரிந்தது. சார் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில், கொழும்பு வீதியில், ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடியில், பன்னிரண்டு வருஷமாகத் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். டைப் அடிப்பது, தேத்தண்ணி ஊற்றுவது, அவர் கவனிக்காததைக் கவனிப்பது ஆகிய மூன்றும் இந்த வீரம்மாவின் வேலை. துப்பறிவது மட்டும் அவர் வேலை என்று போர்டில் எழுதியிருக்கிறது.

விஷயம் இதுதான். ஜூன் பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை, பொழுது சாய்ந்து ஏழேகால். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே முதலாளியின் வேன், சைக்கிளில் போன ஓர் ஓய்வுபெற்ற தபால்காரரை அடித்துவிட்டு நிற்காமல் போனது. தபால்காரர் இடுப்பெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவர் பார்த்தது இரண்டு விளக்குகளை மட்டும். தேநீர்க் கடைக்காரர் ஒருவர் வேன் நம்பரைப் பார்த்தார், ஓட்டியவரைப் பார்க்கவில்லை.

"ஆறு மணிக்கே சாவியை முதலாளி கையில குடுத்துட்டு பஸ் ஏறிட்டேன்" என்கிறான் டிரைவர் கணபதி. "கேக்காம வேனைக் கொண்டு போயிட்டான்" என்கிறார் முதலாளி. ஒருவர் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். மற்றவன் தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில் பிறந்தவன். யார் சொல் எடுபட்டது என்று நான் எழுத வேண்டியதில்லை.

கணபதியின் மனைவி ரத்தினம்மா எங்கள் ஆபீசுக்கு வந்து, கதிரையில் உட்காராமலே பேசினாள். "குத்தத்தை ஒத்துக்க, உன் புள்ளைகளை நான் பாத்துக்கிறேன்னு முதலாளி ஆள் அனுப்பிட்டாரு. இவரும் தலையாட்ட ஆரம்பிச்சிட்டாரு. திங்கக்கிழமை கோர்ட்டு. அதுக்குள்ள ஏதாச்சும் செய்யுங்க சார்."

இன்று சனிக்கிழமை. சார் இரண்டாவது கேக் துண்டில் இருந்தார்.

"நான் எதுக்குப் பொய் சொல்லணும்?" என்றார் முதலாளி. வெள்ளைச் சாரம், வெள்ளை பனியன், கழுத்தில் பிள்ளையார் டொலர். "அன்னைக்கு கடையைப் பூட்டிட்டு த்ரீவீலர்ல வந்தேன். வீட்டுக்குள்ள நுழையும்போது கரெக்டா ஏழு மணி. வீட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. சம்சாரம் காலையிலயே கடுகண்ணாவைக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. நேரா வந்து டிவியைப் போட்டேன். செவ்வாய்க்கிழமை நாடகம் அப்பதான் ஆரம்பிக்குது. மொதக் காட்சியிலயே அந்தப் பொண்ணு கடுதாசியைக் கிழிக்காம அப்படியே கெணத்துல போடுது. இதை இன்ஸ்பெக்டர்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

சொல்லியிருந்தார். இன்ஸ்பெக்டர் உடுகமவும் அதைச் சும்மா விடவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் மனைவியிடம் கேட்டார். அந்த அம்மா, ஆமாம், முதல் காட்சியில் கடிதம், கிணறு எல்லாம் சரி என்றார். புலன்விசாரணை அத்துடன் முடிந்தது.

"அவனைத் தோட்டத்துல இருந்து தூக்கிட்டு வந்து ஸ்டியரிங்கைக் குடுத்தது நான்" என்று முதலாளி தொடர்ந்தார். "அந்தச் சாதிக்கு நன்றி கிடையாது."

நான் பிறந்ததும் ஒரு லயத்தில்தான். அவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் குரலைத் தாழ்த்தியிருக்க மாட்டார். நான் குறிப்புப் புத்தகத்தில் "நன்றி கிடையாது" என்று எழுதி அடிக்கோடிட்டேன், அவர் திருப்திப்பட்டார்.

சுவர்க்கடிகாரம் ஆறரை காட்டியது. அப்போது அவர் மனைவி அன்னலட்சுமி தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்க வந்தார். போகிற போக்கில், எங்களைப் பார்க்காமலே, மூலையில் இருந்த பழைய டிவியின் சுவிட்சை அமுக்கிவிட்டு அடுப்படியை நோக்கி நடந்தார். அமுக்கிய கணமே படம் வந்து, சவர்க்கார விளம்பரம் ஒன்று கத்தியது. அந்த அம்மா நின்றார். திரும்பி டிவியைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தார். வேகமாக வந்து அதை நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

முதலாளி இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் வீட்டில் பெண்கள் நடமாடுவது காற்றடிப்பது மாதிரி.

நான் பேனாவைத் தவறவிட்டேன். அது நல்ல பேனா, சொன்னபடி உருண்டு டிவிக்குப் பின்னால் போனது. குனிந்து பார்த்தேன். பெட்டி முழுக்க ஒரு விரல் தூசி. பின்பக்க மூடியின் நாலு திருகாணித் தலைகளில் மட்டும் தூசி இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு சிவப்புக் கியூட்டெக்ஸ் நகப்பூச்சு.

தெருவுக்கு வந்ததும் சார் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல மனுசன்" என்றார்.

"நல்ல கேக்குன்னு சொல்லுங்க. சார், டிவியைப் போட்டுட்டு யாராச்சும் அடுப்படிக்குப் போவாங்களா?"

"மறதியாப் போட்டிருப்பா."

"படம் வந்ததும் எதுக்கு நம்மளப் பாத்து முழிச்சாங்க? களவு செஞ்சவங்க மாதிரி?"

"வீரம்மா, உமக்குச் சும்மா இருந்தாலும் ஒரு கதை வேணும்."

"அந்த டிவியை ஷிராஸ் நாநா தெறந்திருக்காரு. திருகாணியில அவரு பொட்டு இருக்கு, புத்தம் புதுசா."

ஷிராஸ் அக்குறணையில் ரேடியோ, டிவி திருத்துபவர். பெட்டியை மூடியதும் திருகாணித் தலையில் கியூட்டெக்ஸ் வைத்துவிடுவார், வேறு யாராவது கைவைத்தால் காட்டிக்கொடுக்கும். எங்கள் ஆபீஸ் ரேடியோவைப் போன வருஷம் சார் பழம் வெட்டும் கத்தியால் திறந்து பார்த்துவிட்டு, தான் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார். ஷிராஸ் உடைந்த பொட்டைக் காட்டினார். அந்தப் பெயரைக் கேட்டாலே சார் இன்றும் பேச்சை மாற்றுவார்.

"நான் அப்பவே நினைச்சனான்" என்றார் சார்.

ஞாயிறு காலை அக்குறணை பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். ஷிராஸின் கடையில் வயிறு திறந்த டிவிகள் வரிசையாக இருந்தன. அவர் யாரையும் மதித்து நான் பார்த்ததில்லை, சாமான்களை மட்டும் மதிப்பார்.

"சனம் டிவியை அடிச்சிச் சரியாக்குது" என்றார் எங்களைக் கண்டதும். "பொண்டாட்டியை அடிக்கிற கையால அதையும் அடிக்குது. உங்கட ரேடியோ எப்படி சேர், இன்னும் பழம் வெட்டுறீங்களா?"

சார் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தார். நான் முதலாளி வீட்டு டிவியைப் பற்றிக் கேட்டேன்.

"அதா? கண்டென்சர் நாலு மாத்தினேன். நல்ல கண்டென்சர்ட மண்டை தட்டையா ஈக்கணும். இது நாலும் சோறு தின்ட வயிறு மாதிரி ஊதி, அடியால கசிஞ்சி ஈந்திச்சி. அப்படிப்பட்ட பொட்டியக் குளிர்ல போட்டா உள்ளுக்குள்ள டிக் டிக்ண்டு அடிக்கும், எழும்பாது. மெல்ல மெல்லச் சூடாகி, இருபத்தஞ்சு நிமிஷம் முப்பது நிமிஷத்தாலதான் படம் வரும். வந்திட்டா ஒரு குறையும் இல்ல. நிப்பாட்டி ஆறவிட்டா மறுபடி மொதல்ல இருந்து."

"எவ்வளவு காலமா அப்படி?"

"ரெண்டு வருஷமாம்."

சார் காலண்டரிலிருந்து திரும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது அவர் மூளை வேலை செய்யத் தொடங்கியதற்கு அடையாளம், அபூர்வமாக நடக்கும்.

"ஏழு மணிக்கு வீட்டுக்குள்ள வந்து டிவியைப் போட்டவர். அப்ப படம் வர ஏழரையாகும். முதல் காட்சியை எப்பிடிப் பாத்தவர்? பாக்கேல்லை. அவர் வீட்டிலயே இல்லை. பிறகு பொய் பிடிபட்டிடும் எண்டு பயந்து, முதலாளியே டிவியைக் கொண்டுவந்து திருத்திப்போட்டார். சரிதானே தம்பி?"

"முதலாளியா?" ஷிராஸ் சிரித்தார். "அந்த மனுஷனுக்கு டிவி எந்தப் பக்கத்தால தெறக்கும்ண்டும் தெரியாது. கொண்டு வந்தது பொஞ்சாதி. எட்டு நாளைக்கு முந்தி, சனிக்கிழமை, த்ரீவீலர்ல பெட்சீட் சுத்திக் கொண்டு வந்தாங்க. வீட்டுல தெரியப்படாது, போட்டவுடனே படம் வரணும்ண்டாங்க. கையோட செஞ்சி குடுத்தேன்."

சார் மெதுவாக உட்கார்ந்தார். பொய்யை உடைக்கக்கூடிய ஒரே சாட்சி, அந்தப் பொய்யைத் தன் கையால் ஒட்டவைத்திருக்கிறார். டிவி இப்போது போட்டவுடனே வருகிறது. இன்ஸ்பெக்டர் வந்து போட்டுப் பார்த்தால் முதலாளி யோக்கியர் ஆகிவிடுவார், கணபதி நாளைக்குத் தலையாட்டுவான்.

"பழைய கண்டென்சர் எங்க நாநா?" என்றேன்.

"குடுத்திட்டேன். மாத்தின சாமானைத் திருப்பிக் குடுக்காட்டி, ஷிராஸ் பழசையே துடைச்சி வெச்சிட்டாண்டு ஊர் முழுக்கச் சொல்லும். அதால ஒரு கவர்ல போட்டு, திகதி, பேர், பொட்டி நம்பர் எல்லாம் எழுதிக் கையில குடுத்துருவேன். அதை அவங்க எங்க எறிஞ்சாங்களோ."

"எல்லாம் போச்சு" என்றார் சார். "நான் அப்பவே நினைச்சனான்."

பகல் சோற்றுக்குப் பிறகு முதலாளி தூங்குவார் என்று ரத்தினம்மா சொல்லியிருந்தாள். தூங்குவது தெருவுக்கே கேட்டது. சாரைச் சந்தியில் நிறுத்திவிட்டு, நான் அடுப்படிப் பக்கமாகப் போனேன். அன்னலட்சுமி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"நேத்து பேனா எடுக்கக் குனிஞ்சப்பவே நெனச்சேன், வருவீங்கன்னு" என்றார்.

"அக்குறணைக்குப் போய்ட்டு வந்தேம்மா."

கையைச் சேலையில் துடைத்தார். இரண்டு வருஷமாகக் கேட்பாரில்லாத ஒருவர் பேசத் தொடங்கினால் குறுக்கே விழக்கூடாது.

"தினமும் ஆறரைக்கு டிவியைப் போட்டுட்டு ஒலையில அரிசியைப் போடுவேன். சோறு வடிக்கவும் படம் வரவும் சரியா இருக்கும். அவரு ஏழு மணிக்கு குளிச்சிட்டு வந்து உட்காருவாரு, படம் ஓடிக்கிட்டிருக்கும். ரிப்பேர் பண்ணணும்னு ரெண்டு வருஷத்துக்கு முந்தியே சொன்னேன். நல்லாத்தானே வருதுன்னாரு. இந்த டிவி வந்து பதிமூணு வருஷம். ஒரு நாள் அவரு கையால போட்டதில்ல. அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒம்பது மணிக்கு நான் தங்கச்சி வீட்டுல இருந்து போன் பண்ணி, நாடகத்துல பொண்ணு கெணத்துல கடுதாசி போட்ட கதையைச் சொன்னேன். எப்பவும் சொல்றதுதான். மறுநாள் காலையில வீட்டுக்கு வர்றேன், இன்ஸ்பெக்டர்கிட்ட அதையே சொல்லிக்கிட்டிருக்காரு. ஏழு மணிக்கு டிவியைப் போட்டாராம், படம் வந்திச்சாம்."

"நீங்க ஒண்ணும் சொல்லலயா?"

"பயந்துட்டேன். யாராச்சும் போட்டுப் பாத்துட்டா? நாலு நாள் யாரையும் டிவிகிட்ட அண்ட விடல. அப்புறம்தான் பெட்சீட்டைச் சுத்தி அக்குறணைக்குக் கொண்டு போனேன்."

"அப்படின்னா அந்தக் கவரை ஏம்மா வச்சிருக்கீங்க? திரும்பி வர்ற வழியிலதானே மகாவலி ஆறு."

இருக்கிறது என்று எனக்கு நிச்சயமில்லை, எறிந்து பார்த்த கல்தான். அது பட்டது.

"எறியத்தான் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துல த்ரீவீலரை நிப்பாட்டச் சொன்னேன்" என்றார். "ரோட்டோரத்துல ஒரு சைக்கிள் பெல்லு கெடந்திச்சி, மூடி இல்லாம. கை வரல."

கழுவிய தட்டொன்றைத் துடைத்து வைத்தார். பிறகு குரல் மாறியது.

"நேத்து ராத்திரி சாப்பிடும்போது சொல்றாரு, கணபதிக்கு என்ன கொறச்சல், லயத்துச் சோத்தைவிட ஜெயில் சோறு நல்லாயிருக்கும்னு. சொல்லிட்டுச் சிரிக்கிறாரு. நான் போட்ட சோத்தைத் தின்னுக்கிட்டே சிரிக்கிறாரு. அந்த வாயைப் பார்க்கவே எனக்கு அருவருப்பா இருந்திச்சி."

அரிசி டின்னைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டு, ஒரு காக்கிக் கவரை எடுத்து உதறினார். அவர் புருஷன் கை ஒருநாளும் போகாத இடம் அது.

கவரை எடுத்துக்கொண்டு, ஷிராஸையும் கூட்டிக்கொண்டு சாரும் நானும் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். உடுகம முதலில் எழும்ப மறுத்தார். அவர் மனைவியின் சாட்சியத்தில் நிற்கும் வழக்கு பொய் என்று நாளைக்குக் கோர்ட்டில் யாராவது சிரித்தால், வீட்டில் யார் பதில் சொல்வது என்று நான் கேட்டேன். ஜீப் சாவியை எடுத்தார்.

ஆறு மணிக்கு முதலாளியின் ஹோலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். கவரில் இருந்த நம்பரையும் பெட்டியின் முதுகில் இருந்த நம்பரையும் உடுகம இரண்டு தடவை ஒத்துப் பார்த்தார். ஷிராஸ் தான் வைத்த பொட்டைத் தானே உடைத்து, புதிய கண்டென்சர்களைக் கழற்றி, வயிறு ஊதிய நாலையும் பழைய இடத்தில் ஈயம் வைத்துப் பிடித்தார். திருத்திய ஒன்றைக் கெடுக்கும் வேலை அவர் வாழ்க்கையில் இதுவே முதல் தடவை, முகத்தைச் சுளித்துக்கொண்டே செய்தார்.

"இது என்ன கோமாளிக் கூத்து?" என்றார் முதலாளி. "தோட்டத்தான் ஒருத்தனுக்காகவா இவ்வளவு பேரு?"

கடிகாரத்தில் ஏழு அடித்தது.

"முதலாளி" என்றார் உடுகம, சிங்களம் கலந்த தமிழில். "அன்னிக்குச் செஞ்ச மாதிரியே செய்ங்க."

முதலாளி எழுந்து போய் டிவிக்கு முன்னால் நின்றார். விரல் சத்தம் கூட்டும் பொத்தானுக்குப் போனது, அதற்குக் கீழே போனது, பிறகு சுவிட்சைக் கண்டுபிடித்தது. அமுக்கிவிட்டுக் கம்பீரமாகத் திரும்பி வந்து கதிரையில் சாய்ந்தார்.

பெட்டி டிக் டிக் என்றது. திரை இருட்டாக இருந்தது.

பக்கத்து வீட்டு டிவியில் பாட்டுத் தொடங்கி முடிந்தது. விளம்பரம் வந்தது. நாங்கள் ஐந்து பேர் ஒரு கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் முதலாளியின் வெள்ளை பனியன் மட்டும் தெரிந்தது.

"கரண்ட் கொறைவா இருக்கு" என்றார். தலைக்கு மேல் பல்ப் பளிச்சென்று எரிந்தது.

"இப்ப வந்துரும்" என்றார், ஏழு ஐந்துக்கு. ஏழு பத்துக்கு எழுந்து போய்ப் பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"அடிக்காதீங்க முதலாளி" என்றார் ஷிராஸ். "அது கணபதி இல்ல."

முதலாளியின் கழுத்தில் வியர்வை இறங்கியது. ஏழேகால் ஆனது. சரியாக அந்த நேரத்தில்தான், பன்னிரண்டு நாளைக்கு முன், ஒரு தபால்காரர் ரோட்டில் கிடந்தார். முதலாளி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு பதிமூன்று வருஷப் பழக்கம் அவரை மீறி வாயைத் திறந்தது.

"ஏய் அன்னம், இந்தச் சனியன் எப்ப வரும்?"

அடுப்படி வாசலில் அன்னலட்சுமி வந்து நின்றார். கையில் அகப்பை.

"அரிசி இன்னும் வேகலங்க. வடிச்சதும் வரும். ரெண்டு வருஷமா அப்படித்தான்."

உடுகம குறிப்புப் புத்தகத்தை மூடினார். அதற்கு மேல் ஒரு கேள்வியும் அவருக்குத் தேவைப்படவில்லை. முதலாளிக்கும் புரிந்தது. பெரிய உடம்பு கதிரைக்குள் சிறுத்துப்போனது. "இருட்டு... நான் அந்த ஆளைப் பாக்கலங்க, சார்" என்றார். பெட்டியைப் பற்றி அவர் சொன்னது பொய். இது உண்மை. இதைச் சொல்ல அவருக்கு ஒரு டிரைவரின் பன்னிரண்டு நாள் தேவைப்பட்டது.

"நான் அப்பவே நினைச்சனான்" என்று சார் என் காதில் சொன்னார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது முதலாளிக்குக் கடைசியாக ஒரு யோசனை வந்தது. "ஒரு வாய் சோறாவது தின்னுட்டு வர்றேன், சார். காலையில இருந்து சரியாச் சாப்பிடல."

உடுகம தயங்கினார். அன்னலட்சுமி தயங்கவில்லை. சோற்றுப் பானையைக் கவிழ்த்து வடிக்கப் போட்டுவிட்டு வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போங்க" என்றார். "அங்க சோறு நல்லாயிருக்குமாம்."

ஜீப் இறக்கத்தில் இறங்கியபோது உள்ளே படம் வந்தது. மணி ஏழு இருபத்தேழு. திரையில் யாரோ ஒருத்தி வெறும் கதிரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்னலட்சுமி போய் அதை நிறுத்தினார். நாங்கள் ரத்தினம்மாவுக்குச் சொல்லப் புறப்பட்டோம், நாளைக்கு அவள் புருஷன் தலையாட்ட வேண்டியதில்லை என்று.